முன்மாதிரிக் குப்பைமேடு

பதுளைப் பள்ளித் தெருவில் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தை விட்டால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது தெருவின் தீர்மானம்: கையாடல், காதல், கிறுக்கு. இலிகிதர் ஹுமைத் கையாடக்கூடிய ஆள் இல்லை. அவருடைய ஆபீஸில் கையாடுவதற்கு இருந்தவை மாட்டுச் சாணியைப் பற்றிய துண்டுப் பிரசுரங்கள் மட்டுமே. காதலுக்கான முகவெட்டும் இல்லை. ஆகவே மூன்றாவதுதான் என்று பேக்கரியில் பாண் வரிசையில் நின்றவர்கள் முடிவு செய்து, அவர் மனைவி நளீராவுக்காக ஒரு பெருமூச்சும் விட்டார்கள். பிள்ளையில்லாதவள், புருஷனும் இப்படியாகிப் போனாரே என்று. பெருமூச்சு விடுவதற்கு எங்கள் தெருவில் கட்டுப்பாடு இல்லை. அந்த எழுபதுகளில் கூப்பன் இல்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஹுமைத் இருந்தது ஊவா இயற்கைப் பசளை விருத்திச் சபையில். கப்பலில் உரம் வருவது குறைந்துபோன காலத்தில், இலைதழைகளையும் சாணியையும் மட்கவைத்துக் கூட்டெரு செய்ய மக்களுக்குக் கற்பிப்பதற்காக உண்டான சபை. அதற்கு ஒரு பணிப்பாளர், இரண்டு உதவிப் பணிப்பாளர்கள், ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு சாரதி, சாரதி லீவில் போனால் ஜீப்பைக் காவல் காக்க ஒரு பியோன். சபையின் முற்றத்தில் உதிரும் இலைகளை வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிக் கொளுத்திவிடுவார்கள். முன்வாசல் ரோஜாச் செடிகளுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்த வெள்ளை இரசாயன உரத்தில் ஒரு கரண்டி வைப்பார்கள். நாலு பெரிய மனிதர் வந்து போகிற இடம். ரோஜா பூக்காவிட்டால் இயற்கைப் பசளைக்கு அவமானம் அல்லவா?

சபையின் கையேட்டைத் தட்டச்சு செய்தவர் ஹுமைத்தான். 'நன்கு மட்கிய கூட்டெருவில் மழை பெய்த காட்டின் வாசம் வரும்' என்று அதில் ஒரு வரி. அதை எத்தனை தடவை அடித்திருப்பாரோ. ஒரு நாள் அந்த வரியில் விரல் நின்றுவிட்டது. அந்த வாசம் எப்படியிருக்கும்? பக்கத்து மேசையில் கேட்டார், தெரியவில்லை. உதவிப் பணிப்பாளரிடம் கேட்டார்; அது அவருடைய பிரிவு இல்லை என்றார். அதற்கடுத்த மாதம் ராஜினாமாவை எடுத்துக்கொண்டு பணிப்பாளர் சிவஞானத்தின் முன்னால் போய் நின்றார்.

"என்ன காரணம்?" என்றார் சிவஞானம். யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். அதுதான் இந்தக் கதையின் சங்கடம்.

"கையேட்டில உள்ளதைச் செஞ்சு பாக்கப் போறேன் சேர்."

"எந்தக் கையேடு?"

"நம்மட கையேடு சேர்."

சிவஞானம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"இல்ல சேர்."

"ஐசே, நாங்கள் கையேடு அடிக்கிறது சனம் செய்யிறதுக்கு. நாங்களே செய்ய வெளிக்கிட்டால் பிறகு கையேடு ஆர் அடிக்கிறது?"

ஹுமைத்திடம் பதில் இருக்கவில்லை. ஆனாலும் பதில் சொன்னார்: "ஓம் சேர்." அவருடைய குணமே அது. மேலதிகாரி ஒரு கேள்வி கேட்டால், அது எந்தக் கேள்வியாக இருந்தாலும், அவருடைய வாய் தன்பாட்டில் திறந்து எதையாவது கொடுத்துவிடும். நல்ல இலிகிதர் என்று பெயர் எடுத்ததும் அதனால்தான்.

நளீராவின் வாப்பா அப்புத்தளையில் கடை வைத்திருந்தவர். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த நிலம் அப்புத்தளைக்குக் கீழே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில் கிடந்தது. மண் செத்துப்போன பழைய தேயிலைக் காணி. அங்கே தகரக் கூரை போட்டு இருவரும் குடியேறினார்கள்.

"இவ்வளவு நாளும் குப்பையைப் பத்தி எழுதினீங்க," என்றாள் நளீரா, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு. "இப்ப குப்பையிலயே குடித்தனம். நீங்க தந்த மகர் காசுக்கு வாப்பா நல்ல இடமாத்தான் பாத்திருக்கார்." சொன்னாளே தவிர, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் மண்வெட்டியைத் தூக்கியவளும் அவள்தான்.

மாரிசாமியும் அவன் மனைவி அங்கம்மாவும் மேலே இருந்த அந்தத் தோட்டத்திலிருந்து வேலை கேட்டு வந்தார்கள். தோட்டம் கைமாறிய காலம்; வேலையும் இல்லை, மாவும் இல்லை. பசி வந்த அந்த வருஷம் அவர்களுடைய ஒரே பெண் குழந்தை, நடக்கப் பழகிக் கொஞ்ச நாள்தான், போய்விட்டது. தோட்டத்து எல்லையில் ஒரு வாகை மரத்தின் கீழே புதைத்திருந்தார்கள். ஹுமைத்தின் நிலத்தில் நின்று நிமிர்ந்தால் அந்த மரம் தெரியும். அங்கம்மா அங்கே வேலைக்கு வந்ததே அதற்காகத்தான்.

"இன்னொன்னு சொல்லிப்புடுறேங்க, கிளாக்கரய்யா," என்றான் மாரிசாமி முதல் நாளே. "எங்களுக்கு இந்தியா பாஸ்போட்டு வந்து, போவச் சொன்ன தேதியும் போயிருச்சு. ஊருக்குப் போங்கிறாக. எது எங்க ஊருன்னா திருச்சிப் பக்கம்ங்கிறாக. எங்கப்பனே திருச்சியப் பாத்ததில்ல. இவ புள்ளய விட்டுட்டு வரமாட்டேங்கிறா. அதான் ஒதுங்கிக் கெடக்கோம். யாரும் கேட்டா எங்க பேரச் சொல்லாதீங்க. அம்புட்டுத்தான்."

"இந்த மண் நம்மகிட்ட இருக்கும் வரைக்கும் நீங்க இங்க இருக்கலாம்," என்றார் ஹுமைத். "என்னைக் கிளாக்கரய்யான்னு கூப்பிட வேணாம். அண்ணன் மாதிரி நினைச்சு நானான்னு கூப்பிடு."

"சரிங்க கிளாக்கரய்யா," என்றான் மாரிசாமி.

ஒரே ஒரு பிரச்சினை இருந்தது. பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, பெயர் கூப்பிட்டு, 'வந்தேன்' என்று சொன்ன பிறகு வேலைக்கு இறங்கியே பழகிய இருவர். பெயர் கூப்பிடாமல் அவர்களுக்குக் கை ஓடவில்லை. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். கடைசியில் ஹுமைத் காலையில் தகரக் கொட்டிலின் முன்னால் நின்று பெரட்டு எடுக்க ஆரம்பித்தார்.

"மாரிசாமி."

"வந்தேங்க."

"அங்கம்மா."

"வந்தேங்க."

இருவர் உள்ள பெரட்டு. நளீரா அடுப்படியிலிருந்து சிரிப்பாள்: "அம்பது பேர் நிக்கிறமாதிரி என்ன சத்தம்." பிறகு ஒரு நாள் அங்கம்மா தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் ஒரு பெயரையும் சேர்த்துக் கூப்பிட முடியுமா என்று கேட்டாள். ஹுமைத் என்ன பெயர் என்று கேட்டார். சொன்னாள். அன்றிலிருந்து மூன்றாவதாக அந்தப் பெயரும் கூப்பிடப்பட்டது. மேலே வாகை மரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கம்மா, "வந்துட்டாளுங்க," என்பாள். அதற்குப் பிறகு நளீரா பெரட்டைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அந்த மூன்றாவது பெயர் என்ன என்பது மட்டும் தெருவுக்கு எட்டவில்லை. அதை விசாரிக்காமல் விட்டோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

விவசாயம் நால்வருக்குமே தெரியாது. ஹுமைத் ஒவ்வொரு பாத்திக்கும் ஆபீஸ் கோவைக்கு இலக்கம் போடுவதுபோல் பலகை நட்டார். "பேரு போட்டாக் காய்க்குமாங்க?" என்று கேட்ட மாரிசாமி, கத்தரிச் செடிகளைத் தேயிலைபோல் கவ்வாத்து வெட்டிக் குச்சியாக்கி வைத்தான். அங்கம்மாவின் விரல்களோ பேசிக்கொண்டே போஞ்சிக் கொடியின் நுனியை, இரண்டு இலை ஒரு கொழுந்து என்று கிள்ளிக்கொண்டே போகும்.

"அங்கம்மா, இது தேயிலை இல்லை."

"கை தன்பாட்டுல போவுதுங்க," என்று கிள்ளியதை மடியில் ஒளிப்பாள்.

நுனி கிள்ளிய கொடிகள் எல்லாம் பக்கத்தில் கிளைத்து, காய்க்கத் தொடங்கியபோது கம்பு தாங்கவில்லை. யாரும் திட்டமிட்டதல்ல; ஆகவே யாரும் பெருமையடிக்கவும் இல்லை. அதைவிடப் பெரிய சந்தோஷம் குப்பைமேட்டில் இருந்தது. ஒரு பனிக்காலையில் மாரிசாமி அதைக் கிளறிப் புரட்ட, உள்ளேயிருந்து ஆவி எழுந்தது. ஹுமைத் கையை உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். மழை பெய்த காடு. கையேட்டில் இருந்தது உண்மை. மனுஷன் அழுதுவிட்டார் என்கிறாள் நளீரா. பனி என்கிறார் அவர்.

அத்தோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய ஆபீஸில் ஒரு வழக்கம்: சம்பளம் கூடினால், பெண் பெரியவளானால், மாமரம் காய்த்தால், எது நடந்தாலும் ஒரு பங்கு மேசைக்கு மேசை போகவேண்டும். முதல் போஞ்சியைப் பறித்துக் கூடையில் நிரப்பிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போய்ப் பதுளைக்குக் கோச்சி ஏறினார் ஹுமைத்.

சபையில் கூடையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சிவஞானம் ஒரு போஞ்சியை எடுத்து முறித்துப் பார்த்தார்.

"எங்க வாங்கினது?"

"நம்மட கையேட்டுப்படி செஞ்சது சேர். கூட்டெரு மட்டும்தான்."

சபை உண்டான நாளிலிருந்து அதன் உபதேசத்தில் விளைந்த ஒரு காயை அங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை.

"உண்மையாவே வந்ததோ?" என்றார் பணிப்பாளர், மெதுவாக.

"ஓம் சேர்."

"இதை நாங்கள் சும்மா விட ஏலாது."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. இரண்டு உதவிப் பணிப்பாளர்களும் மூக்கில் கைக்குட்டையோடு குப்பைமேட்டைச் சுற்றி வந்தார்கள். மேடு வட்டமாக இருந்தது. கையேட்டின் படத்தில் சதுரம். மண்புழுக்களைப் பார்த்த ஒருவர், இவற்றுக்கு அனுமதி எடுத்ததா என்று கேட்டார். ஹுமைத் அவை தாமாக வந்தவை என்றார். தாமாக வருபவற்றால்தான் பின்னால் தொந்தரவு என்று மற்றவர் எச்சரித்தார். மேடு சதுரமாக்கப்பட்டது. மூலைக்கு ஒரு வெள்ளைக் கல் வைத்தார்கள். 'முன்மாதிரிக் கூட்டெரு – தொடக்கூடாது' என்ற பலகை, தகரக் கொட்டிலை விட உயரமாக எழுந்தது.

நிலத்தைச் சபையின் பராமரிப்பில் விடுவதாக ஒரு பத்திரத்தில் ஹுமைத் கையெழுத்து வைத்ததும் அன்றுதான். அந்தப் பத்திரத்தைப் பல வருடங்களுக்கு முன் தட்டச்சு செய்தவரே அவர். தான் அடித்ததைத் தானே வாசிப்பது எந்த இலிகிதருக்கும் வழக்கமில்லை. நளீராவும் வைத்தாள்; புருஷன் வைத்த இடத்துக்குக் கீழே.

பிறகு திறப்பு விழா. குப்பைமேட்டை எப்படித் திறப்பது என்று நீங்கள் கேட்கலாம், மாரிசாமியும் கேட்டான். மேலே வெள்ளை வேட்டி விரித்து, குறுக்கே நாடா கட்டி, பன்னீர் தெளித்தார்கள். கொழும்பிலிருந்து வரவேண்டிய பிரமுகர் மூன்று தடவை தேதி மாற்றினார். அவர் வரும்வரை மேட்டைக் கிளறக்கூடாது என்று உத்தரவு. கிளறாத குப்பை உள்ளுக்குள் அவிந்து நாற ஆரம்பித்தது. அதற்காக இன்னும் கொஞ்சம் பன்னீர் வந்தது. விழாவுக்குக் கொடிகள் பச்சையாக இருக்கவேண்டுமென்று முந்தின வாரம் யாரோ பாத்திகளுக்கு வெள்ளை உரமும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

விழாவன்று சிவஞானம் ஒலிபெருக்கியில் பேசினார். மனதிலிருந்து பேசினார்.

"இவ்வளவு காலமாக இயற்கைப் பசளையை நாங்கள் மக்களிடம் கொண்டு சென்றோம். மக்கள் ஏற்கவில்லை. அது சபையின் குறையல்ல, மக்களின் தகுதி போதாது. இன்று ஒருவர் செய்து காட்டிவிட்டார். அவர் எங்களிடமிருந்து விலகிப் போன பிறகுதான் அது முடிந்தது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை. ஆனால் அவரைக் கண்டுபிடித்து, அப்படியே விட்டுவிடாமல், உடனடியாகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது யார்? சபை. இனிமேல் இந்த நிலத்தில் தற்செயலாக எதுவும் விளையாது என்று உறுதி கூறுகிறேன்."

கைதட்டல் மலையில் பட்டுத் திரும்பியது. ஓரத்தில், ஆட்களுக்குப் பின்னால், மாரிசாமியும் அங்கம்மாவும் நின்றார்கள். பணிப்பாளரின் கண் அங்கே போயிற்று. நல்ல மனிதர் என்று சொன்னேனே. உழைத்தவர்களை மறக்கக்கூடாது என்ற எண்ணம் அந்த நேரம் பார்த்து அவருக்கு வந்தது.

"ஐசே ஹுமைத், அந்த ரெண்டு பேரின்ர பெயர் என்ன?"

மாரிசாமி தலையை அசைத்தான். வேண்டாம் என்றுதான். ஹுமைத் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"மாரிசாமி, அங்கம்மா, சேர்."

"மாரிசாமி!" என்றது ஒலிபெருக்கி. "அங்கம்மா!"

அங்கம்மா நிமிர்ந்தாள். பெயர் கூப்பிட்டால் சொல்லிப் பழகிய நாக்கு. "வந்தேங்க," என்றாள்.

மேடைக்கு ஏற்றி மாலை போட்டார்கள். படம் பிடித்தார்கள். மூன்றாவது பெயருக்காக அங்கம்மா ஒரு கணம் காத்து நின்றாளாம். அதைச் சபை அறியாது.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் படம் வந்தது, கீழே பெயர்களும். சரியாக அச்சிட்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஆபீஸிலிருந்து இருவர் அந்தப் பேப்பர்த் துண்டோடு வந்து, பாஸ்போட்டைக் கேட்டார்கள்.

ஹுமைத் பதுளைக்கு ஓடினார். உத்தியோகம் பார்த்த காலத்தில் ஒரு நாளும் உட்காராத நாற்காலியில், சொல்லாமலே உட்கார்ந்தார்.

"சேர், அவங்கட பிள்ளையை அங்கதான் அடக்கியிருக்கு."

சிவஞானத்தின் முகம் வாடியது. உண்மையாகவே வாடியது. "மெத்தக் கவலையான விசயம்," என்றார். "ஆனால் அது எங்கட பிரிவில்லை, ஐசே. நாங்கள் பசளை."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"நான் என்ன செய்யலாமெண்டால், ரெண்டு பேருக்கும் ஒரு நற்சான்றுப் பத்திரம் தரலாம். கண்ணாடிச் சட்டம் போட்டே தாறன். இந்தியாவில காட்டினால் மதிப்பினம்."

கண்ணாடி போட்டே கொடுத்தார்.

தலைமன்னார்க் கப்பலுக்கு ஆள் ஏற்றிப்போகும் கோச்சிக்குத் தோட்டங்களில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அப்புத்தளை ஸ்டேசனில் அது வந்து நின்றபோது பனியில் பெட்டிகள் தெரியவில்லை. அழுகைதான் முதலில் வந்து சேர்ந்தது. நளீரா ஒரு தூக்குவாளியில் சோறு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அங்கம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அங்கம்மாவின் விரல்கள் நளீராவின் முந்தானை நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டுக்கொண்டிருந்தன.

மாரிசாமி அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கக்கத்தில் வைத்திருந்தான். "திருச்சியில எறங்குனதும் இதக் காட்டுனா, எங்கப்பன் வூட்ட அடையாளம் சொல்லிருவாகளா?" என்று கேட்டுச் சிரித்தான். ஹுமைத்தால் சிரிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் வாய்க்கு, கேட்காததைச் சொல்ல வரவில்லை.

கோச்சி அசைந்தபோது மாரிசாமி ஜன்னலால் குனிந்தான்.

"புள்ளயப் பாத்துக்கங்க, நானா."

அப்போதுதான் முதன்முதலாக அவன் அப்படிக் கூப்பிட்டான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்மாதிரிப் பண்ணையை மேற்பார்வை செய்ய அங்கேயே ஆபீஸ் வேண்டும் என்று சபை தீர்மானித்தது. போஞ்சிப் பாத்திகளின்மேல் சீமெந்து போட்டுக் கட்டிடம் எழுந்தது. முன்வாசலில் ரோஜா வைத்தார்கள். பணிப்பாளரின் அறைக்கு நல்ல காற்றோட்டம். குப்பைமேடு இருந்த இடம் ஜீப் நிறுத்தச் சமமாக்கப்பட்டது. அனுபவமுள்ள ஓர் இலிகிதர் தேவைப்பட்டார். நிலமும் போய், போக இடமும் இல்லாத ஹுமைத்துக்குச் சபை பெருந்தன்மையோடு அந்த இடத்தைக் கொடுத்தது. ஆபீஸை விட்டு ஓடியவரைத் தேடி ஆபீஸே மலை ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது என்று எங்கள் தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு நளீரா சாமான் வாங்க வந்த ஒரு நாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதையும் விட்டுவிட்டார்கள்.

இப்போது அங்கே காலையில் பெரட்டு இல்லை. வரவுப் பதிவேடு உண்டு. அதில் ஹுமைத்தின் கையெழுத்துத் தினமும் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான். கொட்டிலில் இருந்து ஆபீஸுக்கு நாலு எட்டு; அதற்கே தினமும் பிந்துகிற மனிதரைச் சிவஞானம் ஒரு நாள் உள்ளே அழைத்தார்.

"விடிய எங்க போறீர், ஐசே?"

"பிள்ளையைப் பாக்க, சேர்."

"உமக்குப் பிள்ளை இல்லையெண்டுதானே உம்முடைய கோவையில கிடக்கு?"

"இருக்கு சேர்."

சிவஞானம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, பரிவோடுதான், கோவையை எடுத்து விரித்து, பேனாவைத் திறந்தார்.

"முந்தியே சொல்லியிருக்கலாமே. பதிஞ்சு விட்டால் நாளைக்கு லீவுக்கெண்டாலும் உதவும். பிள்ளையின்ர பெயரைச் சொல்லும்."

ஹுமைத் வாயை இறுக மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பனி விலகி, வாகை மரத்தின் தலை தெரிந்துகொண்டிருந்தது.

"பெயர், ஐசே, பெயர்."

பேனா காத்திருந்தது. அவருடைய உத்தியோக வாழ்விலேயே மேலதிகாரி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. அந்தக் கட்டம் இன்றும் வெறுமையாகத்தான் கிடக்கிறதாம். நாங்களும் நளீராவிடம் சுற்றி வளைத்து எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டோம். தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள். அந்தப் பெயரை மட்டும் தரமாட்டேன் என்கிறாள்.